உள்ளங்கையில் ஒரு மின்மினி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழத் தொடங்கிவிட்டாளா! உன் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, இரண்டு முறை ரத்தம் ஏற்றினோம். மேலும் கீழும் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தும் ரத்தக் கசிவு அகப்படவில்லை. இடையில் சுருண்டு கிடக்கும் சிறுகுடலுக்கு அந்தக் குழாய்கள் எட்டவில்லை. அதனால் காப்ஸ்யூல் எண்டோஸ்கோபி செய்தார்கள். கேமரா வைத்த ஒரு மாத்திரையை விழுங்கவைத்து, குடலை உள்ளிருந்தே படம் எடுக்கும் முறை.

நர்ஸ் அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் தடிமன். மின்மினி போல விட்டுவிட்டு ஒளிர்ந்தது. உன் தங்கை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, பதிவுக் கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் வராந்தாவில் உலாத்தினாள். விநாடிக்கு இரண்டு படம். மொத்தம் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவற்றில் சிலவற்றில் மட்டும், வெளிர்சிவப்புக் குடல்சுவரில் குங்குமப் பொட்டு போல ஒரு புள்ளி. அங்கேதான் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்தக் கேமரா மாத்திரையை உருவாக்கிய கேவ்ரியல் இத்தான், இஸ்ரேலில் ஏவுகணைகளுக்குக் கண் அமைத்த பொறியாளர். 2001-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. அழிக்கக் கற்ற வித்தை இவளைக் காப்பாற்ற வந்ததே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் இவள் விழுங்கியது பார்க்க மட்டும்தான் செய்யும். குடல் தள்ளுகிற பக்கம் போகும். நின்று திரும்பாது, புள்ளியைச் சுட்டு அடைக்காது. அதற்கு மயக்க மருந்து கொடுத்து நீளக் குழாய் விட வேண்டியிருந்தது. வெளியே காத்திருந்த அந்த நேரம் எனக்கு ஒரு யுகம்.

2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டேனியலா ரூஸ் குழுவினர் ஒரு குட்டி ரோபோ செய்தார்கள். உலர்த்திய பன்றிக்குடல் தோலைக் காகிதக் கப்பல் போல மடித்துப் பனிக்கட்டிக்குள் அடைத்திருந்தார்கள். பனி உருகியதும் அது விரியும். வெளியிலிருந்து காந்தப்புலத்தால் நகர்த்தலாம். செயற்கை இரைப்பையின் சுவரில் ஒட்டியிருந்த பட்டன் பேட்டரியைப் பெயர்த்தெடுத்துக் காட்டியது. இப்படி ஒன்று குடலுக்குள் போய்ப் புண்ணையும் ஆற்றும் நாள் சீக்கிரம் வர வேண்டும், முருகேசா.

பேட்டரி என்றதும் உன் பேத்தி நினைவு வருகிறது. எதையும் வாயில் வைக்கும் வயது. ரிமோட், பொம்மை எல்லாவற்றின் மூடியையும் இன்றே இறுக்கிவிடு. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும்.

இப்போது ஹீமோகுளோபின் 10. நேற்று அவளே ரசம் வைத்தாள். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா.

அன்புடன்,
சுந்தரம்