லூன் சிரித்தால் விலகிப் போ

அம்மாடி,

கயாக் துடுப்புப் படகு வாங்கிவிட்டாய், சந்தோஷம். ஆனால் அமெரிக்காவில், அதுவும் மினசோட்டாவில், ஜூன் மாத வெயிலை நம்பிவிடாதே. மேலே வெயில் அடித்தாலும் ஏரித் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். விழுந்த அதிர்ச்சியில் நம்மையறியாமல் மூச்சை இழுப்போம். முகம் அப்போது தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் செருகி வைக்காமல் போட்டு, ஜிப்பை இழுத்துவிடு. ஜீன்ஸ் வேண்டாம். கவிழ்ந்தால் படகை விடாதே.

புதிதாக ஓட்டுகிறவர்கள் ஒரு காலை உள்ளே ஊன்றி நிற்பார்கள், அங்கேயே கவிழ்வார்கள். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் உள்ள இடத்தில் மிதக்கவிட்டு, முதலில் இருக்கையில் உட்கார், பிறகு காலை உள்ளே எடு. கையால் மட்டும் துடுப்புப் போட்டால் அரை மணியில் தோள் கடுக்கும். இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பித் துடுப்புப் போடு. போகும்போது காற்றை எதிர்த்துப் போ, திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்.

கரையை ஒட்டிப் போ என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். சிக்கல் என்னவென்றால், லூன் கூடு கட்டுவதும் அங்கேதான். நம்மூர் முக்குளிப்பான் மாதிரி முங்கும் பறவை, உருவம் மட்டும் பல மடங்கு பெரிது. கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் சரியாக நடக்க வராது. அதனால் தண்ணீர் விளிம்பிலேயே கூடு, பெரும்பாலும் இரண்டு முட்டை. சத்தமில்லாமல் வரும் கயாக் மோட்டார் படகைவிடத் தொல்லை, கிட்டே வரும்வரை அதற்குத் தெரியாது. கூட்டில் கழுத்தைத் தாழ்த்திப் படுத்திருந்தால் பயந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் நெருங்கினால் தண்ணீரில் இறங்கிவிடும். முட்டை ஆறிப்போகும், கழுகோ, ரக்கூன் என்ற காட்டு விலங்கோ தின்றுவிடும். நடுங்கும் குரலில் சிரிப்பதுபோல் கத்தினாலும் அது பயம்தான். நாணலும் சிறு தீவும் கண்ணில் பட்டால் 50 மீட்டர் சுற்றிப் போ.

பைனாகுலர் 8 மடங்கு போதும், 10 என்றால் படகில் ஆடும். துடுப்பை மடியில் வைத்து அசையாமல் இரு. முங்கிய லூன் ஒரு நிமிடத்துக்குள் எங்காவது எழும், பின்னால் துரத்தாதே. குஞ்சு முதுகில் சவாரி செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் கடைசியில் போ.

எந்தக் கரையில் இறங்குகிறாய், எப்போது திரும்புவாய் என்று எனக்கு மெசேஜ் போடு. அங்கே காலை 6 மணி என்றால் இங்கே மாலை 4.30தான், விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா