அசோசியேஷன் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: அந்தத் தண்ணி டெமோ தப்புன்னு எழுதி ஒட்டுங்க

தலைவர் சார், செகரட்டரி மேடம், கமிட்டில இருக்குற எல்லாருக்கும் வணக்கங்க.

போன வாரம் கம்யூனிட்டி ஹால்ல நடந்த தண்ணி மெஷின் டெமோ பத்தி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ஹாலைக் குடுத்தது நீங்க, "குடும்பத்தோட கண்டிப்பா வாங்க"ன்னு குரூப்ல மெசேஜ் போட்டதும் நீங்கதான். அன்னிக்கு நான் எந்திரிச்சு கேள்வி கேட்டப்போ "டைம் ஆகுதுங்க டீச்சர், அப்புறம் பேசிக்கலாம்"னு உக்கார வச்சுட்டீங்க, அந்த அப்புறம் இன்னும் வரவே இல்லைங்கறதால எல்லாரும் படிக்கட்டும்னு இங்க எழுதுறேன்.

நான் கேக்குறது இதுதாங்க. அந்த டெமோல காட்டினது தப்புன்னு அசோசியேஷன் லெட்டர்பேட்ல எழுதி, லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

அதுக்கு என்ன அவசரம்னு கேப்பீங்க. நம்ம படிக்கட்டு கூட்டுற அக்காவும் அன்னிக்கு ஓரமா நின்னுட்டு இருந்தாங்க. டெமோ பண்ணவர் அவங்க கையில இருந்த பாட்டிலை வாங்கி அவங்க வீட்டுக் குழாய்த் தண்ணியை ஒரு டம்ளர்ல ஊத்தி, ரெண்டு கம்பி வச்ச அந்தக் கருவியை உள்ள விட்டு ஸ்விட்ச் போட்டாரு. கொஞ்ச நேரத்துல தண்ணி பழுப்பும் பச்சையுமா நுரை கட்டிருச்சு, அவங்க மெஷின்ல உப்பை வடிகட்டி எடுத்த ஆர்.ஓ. தண்ணி இருந்த டம்ளர் மட்டும் தெளிவா நின்னுச்சு. "இதைத்தான் தினமும் உங்க புள்ளைங்க குடிக்குது"ன்னு அத்தனை பேர் முன்னாடி தூக்கிக் காட்டினாரு, ஹால்ல இருந்தவங்க "அய்யய்யோ"ன்னாங்க, அந்த அக்கா வாயே திறக்கல. அடுத்த நாள் காலைல எங்க வீட்டு வாசல்ல நின்னு "இத்தனை வருசமா சாக்கடையவா ஊத்தி வளத்தேன் டீச்சர்"னு கேட்டாங்க. அன்னிலேர்ந்து கேன் தண்ணிதான் வாங்குறாங்க, சமைக்கக்கூட அதேதான். நம்ம குடுக்குற சம்பளம் எவ்வளவுன்னு ட்ரெஷரர் சாருக்குத் தெரியும், அதுல தினம் ஒரு கேனுக்கு 35 ரூபா போனா மாசக் கடைசில என்ன மிஞ்சும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லிட்டேன். கண்ணால பாத்ததை எப்படி இல்லைங்கறதுன்னு கேக்குறாங்க, அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், எல்லாரும் தலையாட்டின விஷயத்தை ஒரு டீச்சர் மட்டும் மறுத்தா யாரை நம்புறது?

அந்தப் பழுப்பு நிறம் தண்ணில இருந்து வரலைங்க, கம்பியில இருந்து வந்தது. அதுல ஒண்ணு இரும்புக் கம்பி. கரண்ட் பாயுறப்போ இரும்பு கரைஞ்சு தண்ணியோட சேந்து ஹைட்ராக்சைடாகி பச்சையாவும் பழுப்பாவும் மிதக்கும், அதாவது துரு. உப்பு கரைஞ்சிருந்தாத்தான் தண்ணில கரண்ட் ஓடும், ஆர்.ஓ. தண்ணில உப்பு ரொம்பக் கம்மிங்கறதால கரண்ட் சரியா ஓடாது, அதான் அவங்க டம்ளர் மட்டும் தெளிவா நின்னுச்சு. அதே ஆர்.ஓ. தண்ணில ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு மறுபடி பண்ணச் சொல்லுங்கன்னுதான் நான் அன்னிக்குக் கேட்டேன், உக்கார வச்சுட்டீங்க. அவங்க மெஷின்லயே கடைசிக் குழாய்ல மினரல் சேத்து "அல்கலைன்", அதாவது காரத் தண்ணின்னு குடுக்குறாங்களே, அந்தத் தண்ணில கம்பியை ஏன் விடல? விட்டா அதுவும் பழுப்பாத்தான் ஆகும். அந்த அக்கா வீட்டுக்கு வர்றது பில்லூர்த் திட்டத் தண்ணி, பவானி ஆத்துல எடுத்து சுத்திகரிச்சு குளோரின் போட்டு அனுப்புறது. அது நல்லாருக்கா இல்லையான்னு சொல்ற தகுதி அந்தக் கம்பிக்குக் கிடையாதுங்க.

அடுத்தது அந்த பிஎச் கதை, அதாவது தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற நம்பர், 7க்கு மேல போனா காரம். அவங்க மெஷின் தண்ணி பிஎச் 9.5ன்னு பெருமையா சொன்னாங்க. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 குடிதண்ணிக்கு 6.5ல இருந்து 8.5 வரைதான் சொல்லுது. ரத்தத்தோட பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவுலயே நிக்கும், அதை நுரையீரலும் கிட்னியும் பாத்துக்குது, நாம குடிக்கிற தண்ணி முதல்ல போய்ச் சேர்றது ஆசிட் நெறைஞ்ச வயித்துல. ரத்தத்தையே மாத்திடும்னு மேடையில சொல்றப்போ முன் வரிசையில கிட்னி பிரச்சனை இருக்குற பெரியவங்க நோட்ல எழுதிட்டு இருந்தாங்க, அதைப் பாத்தப்போ எனக்கு நிஜமாவே பயமா இருந்துச்சுங்க.

இதெல்லாத்தையும் விட "செத்த தண்ணி"ங்கற பேச்சுதான் ஜாஸ்தி பரவியிருக்கு. போர்வெல் தண்ணி ஆயிரக்கணக்கான வருசம் இருட்டுல கிடந்து உயிர் போன தண்ணியாம், இவங்க மெஷின் அதைச் சின்னச் சின்னக் கொத்தாப் பிரிச்சு இளமையாக்குமாம். குரூப்ல அதுக்கு நேர் எதிரா இன்னொரு ஃபார்வேர்டும் ஓடுது, நாம குடிக்கிறது டைனோசர் குடிச்ச அதே தண்ணின்னு. ரெண்டும் சரியில்லைங்க.

தண்ணி மூலக்கூறு உடையாம அப்படியே காலங்காலமா சுத்திட்டு இருக்கிறதில்ல. ஒரு மூலக்கூறோட ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவிட்டே இருக்கும், ஒரு நொடியை ஆயிரமாப் பிரிச்சா வர்ற ஒரு பங்கு நேரத்துலயே ஜோடி மாறிடும். மூலக்கூறுகளுக்கு நடுவுல இருக்குற பிணைப்பு அதைவிட வேகம், ஒரு நொடியை லட்சம் கோடியாப் பிரிச்சா வர்ற நேரத்துல பிரிஞ்சு வேற பக்கம் சேரும், இதுல எந்தக் கொத்தை இவங்க பிரிச்சு பாட்டில்ல அடைச்சு வைக்கப் போறாங்க? செடி ஒளிச்சேர்க்கையில தண்ணியை உடைக்குது, நாம சாப்பிட்டதை எரிக்கிறப்போ நம்ம உடம்பே தினமும் கால் லிட்டர் அளவுக்குப் புதுசா தண்ணி உண்டாக்குது. அணுவோட வயசைக் கேட்டா ஹைட்ரஜன் பிரபஞ்சம் பொறந்தப்போ வந்தது, கிட்டத்தட்ட 1380 கோடி வருசம், அது சிறுவாணி ஆத்துத் தண்ணிக்கும் ஒண்ணுதான் அவங்க மெஷின் தண்ணிக்கும் ஒண்ணுதான்.

நிலத்தடி நீர் ஆராய்ச்சி பண்றவங்க வயசுன்னு சொல்றது மழையா விழுந்து பூமிக்குள்ள இறங்கி எவ்வளவு காலம் ஆச்சுங்கறதை. அதுக்கு டிரிட்டியம், கார்பன்-14 மாதிரி, காலம் போகப்போகக் குறையுற கதிரியக்க அணுக்களை அளந்து பாக்குற சோதனை இருக்கு. அதெல்லாம் பண்ணாம ஹால்ல நின்னுக்கிட்டே நம்ம போர் தண்ணிக்கு வயசு சொல்ல யாராலயும் முடியாது. கனடாவுல கிட் கிரீக் சுரங்கத்துல 2 கிலோமீட்டருக்கும் கீழ கிடைச்ச தண்ணி 150 கோடி வருசத்துக்கு மேல பாறைக்குள்ள அடைஞ்சு கிடந்ததுன்னு 2013ல சொன்னாங்க, அதுலயே நுண்ணுயிர் வாழுற அடையாளம் கிடைச்சிருக்கு. அதைக் குடிக்க முடியாததுக்குக் காரணம் வயசு இல்ல, பாறையில இருந்து கரைஞ்சு சேந்த உப்பு. ஆக, பாக்க வேண்டியது என்ன கரைஞ்சிருக்குங்கறதைத்தான், அதுக்கு லேப்தான் வேணும்.

கோவம் வர்ற இடமே இதுதாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணில இருந்த ஃப்ளோரைடால எத்தனை புள்ளைங்களுக்குப் பல்லு கறையாச்சு, பெரியவங்களுக்கு எலும்பு வளைஞ்சுச்சு, அதுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்தாங்க. ஃப்ளோரைடுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல, காய்ச்சினாலும் போகாது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அவங்க பையில இருந்து எடுத்த டிடிஎஸ் பேனா, அதாவது தண்ணில மொத்தமா எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு சொல்ற கருவி, அதைத் தனியாக் காட்டாது, கிருமியையும் காட்டாது, மொத்தமா எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு பாத்து ஒரு நம்பர் சொல்லும், அவ்வளவுதான். நெசமான ஆபத்தைக் காட்டாத சாமானை வச்சு இல்லாத ஆபத்தைக் காட்டி லட்ச ரூபா மெஷினை ஈஎம்ஐல வாங்க வைக்கிறாங்க, நம்ம ஹால் அதுக்கு இடம் குடுக்குது. கோடையில தண்ணி லாரிக்குக் காசு கட்டி, காலையில ஒரு மணி நேரம் மட்டும் குழாய் திறந்து விடுற கமிட்டியே, ஒரு லிட்டர் எடுக்க ரெண்டு மூணு லிட்டரைக் கீழ விடுற மெஷினை வீட்டுக்கு வீடு மாட்டச் சொல்லி மேடை போட்டுக் குடுத்ததை என்னால ஏத்துக்கவே முடியல. பத்தாம் வகுப்புல மின்னாற்பகுப்பு, அதாவது தண்ணில கரண்ட் விட்டா என்ன நடக்கும்னு படிச்ச புள்ளைங்க அந்த ஹால்ல உக்காந்திருந்தாங்க, வகுப்புல நான் சொன்னதுக்கு எதிரா பெரியவங்க எல்லாம் கை தட்டினதை அதுங்க பாத்துட்டு இருந்துச்சுங்க.

கொஞ்சம் சூடாத்தான் எழுதிட்டேன், நீங்க கெட்ட எண்ணத்துல ஹாலைக் குடுக்கலைன்னு எனக்கும் தெரியும். அதனால மறுபடி பணிவாவே கேக்குறேன். அந்தக் கம்பி டெமோ தண்ணியோட தரத்தைக் காட்டாதுன்னு நாலு வரி, தமிழ்ல, பெரிய எழுத்துல, தலைவர் கையெழுத்தோட போர்டுல வரணும். நான் சொன்னா அந்த அக்கா நம்ப மாட்டாங்க, கமிட்டி சொன்னா நம்புவாங்க. வாசகம் நான் எழுதித் தர்றேன், நீங்க திருத்திக்கலாம்.

அதோட நம்ம போர், சம்ப், மொட்டைமாடி டேங்க் மூணுலயும் மாதிரி எடுத்து குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்து, வர்ற ரிப்போர்ட்டையும் அந்த நோட்டீஸுக்குப் பக்கத்துலயே ஒட்டிடலாம், எது வந்தாலும் மறைக்காம. நாலாவதா அந்த அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணியையும் சேத்துக்குங்க, அதுக்கான ஃபீஸை நான் கட்டிடுறேன். ஞாயித்துக்கிழமை மீட்டிங் அஜெண்டால முதல் விஷயமா இதை எடுத்துக்குங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
பி பிளாக் கெமிஸ்ட்ரி டீச்சர், கோயமுத்தூர்