இளமாணி ஆய்வுக் கண்காட்சி: சனிக்கிழமைக்கு ஆள் தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார்.

வாற சனி காலை 9 மணிக்கு, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் (கோணேசபுரி) இளமாணி மாணவரின் ஆய்வுகளும் ஆக்கங்களும் காட்சிக்கு வருது. கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளிலும் வெப்பமானி விட்டு அளந்த தங்கச்சி, கிணற்றுக்கு ஒரு போத்தல் தண்ணி வரிசையா வைக்கப்போறா. (ஆறித்தான் இருக்கும், தொட்டுப் பார்த்து ஏமாறாதேங்கோ.)

1. போஸ்டர் ஏ1 அளவு: 594 × 841 மில்லிமீட்டர். போனமுறை நாங்கள் ஏ3இல் அடிச்சு, கண்ணாடி போட்டவைக்கும் எழுத்துத் தெரியேல்ல.
2. அச்சுச் செலவுக்கு ஏலுமானதைப் பொருளாளரிட்டக் குடுங்கோ.
3. துறைக்கு ஒருவர் வேணும். புள்ளி போடவேண்டாம், பிள்ளையளிட்டக் கேள்வி கேட்டால் காணும்.
4. நிலாவெளி பஸ்ஸை 8 மணிக்கு முதல் பிடியுங்கோ.

வாறவை வியாழன் இரவுக்குள்ள பெயரும் துறையும் இங்க போடுங்கோ. கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில்லை.