ஏழின் குறுக்குக் கோடு

அன்புள்ள மகளுக்கு,

நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. பெர்லினில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிப் போர்வை அனுப்பினேனே, கிடைத்ததா? ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் பாட்டியின் கையில் குத்திய எண்ணை உன் கையிலும் பச்சை குத்திக்கொள்ள நாள் குறித்துவிட்டாய் என்று தம்பி சொல்லித்தான் தெரிந்தது. அப்பாவிடம் சொல்லத் தோன்றவில்லை, இல்லையா?

வேண்டாம் என்று சொல்வதற்காக எழுதவில்லை. பச்சை குத்தியவர்களை நம் யூதக் கல்லறையில் புதைக்க மாட்டார்கள் என்று அத்தை சொன்னால் நம்பாதே. குத்தாதே என்று வேதத்தில் லேவியராகமம் 19:28 சொல்கிறது. குத்தியவரைப் புதைக்காதே என்று அதில் இல்லை.

முதலில் எண்ணைச் சரிபார். உன்னிடம் இருப்பது தொண்ணூறாவது பிறந்தநாள் படம்தானே? அதில் தோல் சுருங்கி, மை பரவி, மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஓர் இலக்கம் தவறினால் அது வேறொருவரின் எண். ஆஷ்விட்ஸ் ஆவணங்களில் பெரும்பகுதியை நாஜிகளின் எஸ்.எஸ். படை அழித்துவிட்டது. ஆனால் பாட்டியை அங்கிருந்து வேறு முகாமுக்கு மாற்றினார்கள். மாற்றியவர்களின் பட்டியலில் எண் இருக்கலாம். நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ஜெர்மனியின் பாட் ஆரோல்சென் காப்பகத்துக்குப் பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் எழுதிக் கேள். கட்டணம் கிடையாது. கல்யாணத்துக்கு முந்தைய பெயரை ஹங்கேரிய எழுத்துமுறையிலும் ஜெர்மன் முறையிலும் கொடு. பதில் தாமதமாகும், பொறுத்துக்கொள்.

எண்ணுக்கு முன்னால் உள்ள 'ஏ' (A) எழுத்தை விட்டுவிடாதே. 1944 மே மாதத்திலிருந்து பதிவான யூதர்களுக்குத்தான் அந்த வரிசை. எழுத்தில்லாமல் குத்தினால், அதற்கு முன்னரே வந்த யாரோ ஒருவரின் எண்ணாகிவிடும்.

கணினி எழுத்தில் குத்தச் சொல்லாதே. 1941இல் சோவியத் போர்க்கைதிகளுக்கு ஊசிகள் பதித்த உலோக அச்சால் நெஞ்சில் அடித்தார்கள். பிறகு ஒற்றை ஊசியால், புள்ளி புள்ளியாக, இடது முன்கையில். குத்தியதும் கைதிகள்தான். பாட்டியின் ஏழில் சற்றுச் சரிந்த குறுக்குக் கோடு இருக்கிறதே, அது அப்படி ஒரு கைதியின் கையெழுத்து. ரொம்பச் சிறிதாகக் குத்தினால் எட்டின் உள்வட்டம் நாளடைவில் மையால் அடைந்துவிடும். ஊசி வைக்கும் முன், தோலில் ஒட்டிய மாதிரி அச்சைக் கூட இருப்பவரைச் சத்தமாக வாசிக்கச் சொல். கண்ணாடியில் பார்த்தால் இடவலம் மாறித் தெரியும்.

பெர்லினில், சட்டைக் கையை மடித்துவிட்டு நடக்க உனக்குத் துணிச்சல் இருக்கிறது. எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஒன்று. வேலைக்கென்று வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் எண். அவர்களிலும் எல்லோருக்கும் இல்லை. பாட்டியின் அம்மாவுக்கும், அவர் கையைப் பிடித்திருந்த சின்னவனுக்கும் ரயிலிலிருந்து இறங்கிய அன்றே விஷவாயு. அவர்களுக்கு எண்ணே கிடையாது. அவர்களை எங்கே குத்துவாய்?

உன் பட்டமளிப்பு விழாவில் அந்த ஜூன் வெயிலிலும் பாட்டி முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். போடச் சொன்னது நான். யாராவது பார்த்துக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எனக்குக் கூச்சம். என் அம்மா, உன் பாட்டி, ஒன்றும் பேசவில்லை, மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தக் கையால் சாப்பிட்டேன், ஒரு நாளும் கேட்டதில்லை. சின்னவனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கொல்லப்பட்ட யூதர்களின் பெயரைப் பதிய, இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் தரும் சாட்சிப் பக்கப் படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதும் இடம் காலியாகக் கிடக்கிறது.

இரவெல்லாம் நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பீர்களே. சின்னவனின் பெயரை உன்னிடம் சொன்னாளா? சொல்லியிருந்தால் உடனே எழுது. எண்ணைச் சரிபார்க்காமல் போய்விடாதே.

அப்பா