2012 பேஸ்பால் பருவம்: டிரவுட்டுக்குச் சேர்ந்திருக்க வேண்டிய விருது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 2012ஆம் ஆண்டுப் பருவத்தைத் திரும்பிப் பார்த்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் பேஸ்பாலுக்கு அரைப்பக்கம் ஒதுக்கப்பட்டதே எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆண்டு, மேஜர் லீகின் இரு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் எம்.வி.பி. விருது, அதாவது அணிக்கு மிக அதிக மதிப்புச் சேர்த்த வீரருக்கான விருது, மிகெல் கப்ரேராவுக்குக் கிடைத்ததைக் கணினிக் கணக்கின் மீது மைதானம் பெற்ற வெற்றியாகக் கட்டுரையாளர் சித்திரித்திருக்கிறார். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மைதானத்தில் நடந்ததை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அந்த விருது லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணியின் மைக் டிரவுட்டுக்குத்தான் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கப்ரேராவைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அந்த ஆண்டு நான் மிச்சிகன் மாநிலத்தில் பணியில் இருந்தேன். டெட்ராய்ட் டைகர்ஸ்தான் எங்கள் அணி, கப்ரேராதான் எங்கள் நாயகன். மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை முறை அடித்து, பேஸ் எனப்படும் ஓட்ட நிலையை எட்டினார் என்று சொல்லும் பேட்டிங் சராசரி .330, பந்தை வேலிக்கு அப்பால் அடித்துப் பெறும் ஹோம் ரன்கள் 44, தன் அடியால் அணிக்கு ஈட்டித்தந்த ரன்கள் 139 என மூன்று பட்டியலிலும் லீகிலேயே முதலிடம் பிடித்து, ட்ரிப்பிள் கிரவுன் எனப்படும் மும்முடியை அவர் சூடினார். 1967இல் பாஸ்டனின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி சூடியதற்குப் பிறகு 45 ஆண்டுகளாக எவருக்கும் கிட்டாத பெருமை அது. அந்தப் பருவம் தொடங்கும் முன் சக வீரர் விக்டர் மார்ட்டினஸ் முழங்கால் காயத்தால் விலக நேர்ந்தபோது, டைகர்ஸ் நிர்வாகம் பிரின்ஸ் ஃபீல்டரை ஒன்பது ஆண்டுகளுக்கு 21.4 கோடி டாலர் கொடுத்து அழைத்து வந்தது. பிரின்ஸ் ஃபீல்டர் தடுப்பு ஆட்டத்தில் நிற்கக்கூடிய முதல் பேஸ் அதுவரை கப்ரேராவின் இடம். அந்த இடத்தை முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுத்து, அதைவிடக் கடினமான மூன்றாம் பேஸுக்கு அவர் போய் நின்றார். செப்டம்பர் நடுவில் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மூன்று ஆட்டங்கள் பின்தங்கியிருந்த டைகர்ஸ், பருவ முடிவில் அதே அணியை மூன்று ஆட்டங்கள் முந்திப் பிரிவுப் பட்டத்தை வென்றதில் அவருடைய மட்டையின் பங்கு மிகப் பெரியது. பருவத்தின் கடைசி நாளான அக்டோபர் 3ஆம் தேதி கான்சாஸ் சிட்டியில் நான்காவது இன்னிங்ஸில் அவர் ஆட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டபோது, எதிரணியின் ரசிகர்கள் மொத்தமாக எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு அவர் முழுத் தகுதியும் உடையவர்.

ஆனால் மும்முடி தனக்குத்தானே ஒரு பரிசு. எம்.வி.பி. விருது வேறொரு கேள்விக்கான விடை. அடித்தது, ஓடியது, பிடித்தது, தடுத்தது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த வீரர் தம் அணிக்கு அதிகம் உதவினார் என்பதுதான் அந்தக் கேள்வி. விருதுக்கு வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் வாக்குச்சீட்டிலேயே, தாக்குதல் ஆட்டத்தின் வலிமையோடு தடுப்பு ஆட்டத்தின் வலிமையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து டிரவுட்டைப் பார்ப்போம். ஏப்ரல் 28ஆம் தேதி அவரை ஏஞ்சல்ஸ் அணி மேல்மட்டத்துக்கு அழைத்தபோது அவருக்கு வயது 20. பத்து ஆண்டுகளுக்கு 24 கோடி டாலருக்கு வந்த ஆல்பர்ட் புஹோல்ஸ் அதுவரை ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. அணி 6 வெற்றி, 14 தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அதே அணி 83 ஆட்டங்களில் வென்று 59இல் தோற்றது. முதல் ஒரு மாதத்தைத் தவறவிட்டும், 139 ஆட்டங்களிலேயே டிரவுட் .326 சராசரியும் 30 ஹோம் ரன்களும், தாமே ஓடி முடித்த 129 ரன்களும் எடுத்தார். ரன்களில் இரு லீகிலும் அவரே முதல்வர். கிரிக்கெட்டில் ஃபீல்டர் அசரும் நேரம் பார்த்துத் திருட்டு ரன் ஓடுவதைப் போல, பேஸ்பாலில் பிட்ச்சர் பந்தை எறியும் நொடியில் அடுத்த பேஸுக்குப் பாய்ந்து சேர்வதைப் பேஸ் திருட்டு என்பார்கள். டிரவுட் 54 முறை பாய்ந்து 49 முறை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். ஒரே பருவத்தில் 30 ஹோம் ரன்கள், 45 பேஸ் திருட்டுகள், 125 ரன்கள் ஆகிய மூன்று எல்லைகளையும் அவருக்கு முன் யாரும் எட்டியதில்லை. இதையும் ஒரு மும்முடி என்று எழுதியிருந்தால் மிகையாகாது. அதற்குப் பழைய பெயர் ஒன்று இல்லை என்பதுதான் குறை.

கட்டுரையாளர் பெரிதும் நம்பும் எண், கப்ரேரா ஈட்டித்தந்த 139 ரன்கள். டிரவுட் 83 ரன்கள்தான் ஈட்டினார் என்பதை அவர் அழுத்திச் சொல்கிறார். இருவரும் எந்த வரிசையில் ஆடினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. டிரவுட் அணியில் முதலாவதாக மட்டை பிடிப்பவர். பெரும்பாலான ஆட்டங்களில் அவர் முதன்முறை மட்டை பிடிக்கும்போது பேஸில் யாரும் இருக்க வழியே இல்லை. கப்ரேரா மூன்றாவதாக வந்தார். ஆஸ்டின் ஜாக்சன் போன்றவர்கள் முன்னால் போய்ப் பேஸில் காத்திருப்பார்கள். மற்றவர்கள் போட்டுவைத்த வாய்ப்பை மாற்றிக்காட்டியது கப்ரேராவின் திறமை என்பதில் ஐயமில்லை. ஆனால் வாய்ப்பே குறைவாகக் கிடைத்தவரை அந்த எண்ணால் அளப்பது நியாயமாகாது. அவுட் ஆகாமல் பேஸை எட்டும் விகிதத்தில் டிரவுட் .399, கப்ரேரா .393, இதில் முன்னால் நிற்பவர் டிரவுட். ஓங்கி அடிக்கும் வலுவில் கப்ரேரா மேலானவர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே வேளையில் கப்ரேரா அடித்த பந்தில் தாமும் இன்னொருவரும் சேர்ந்து அவுட்டான சந்தர்ப்பங்கள் 28 என்பதையும், டிரவுட்டுக்கு அது 7 மட்டுமே என்பதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும்? ஒரே பந்தில் இரண்டு அவுட் என்பது, மலரவிருந்த இன்னிங்ஸையே முடித்துவைக்கக்கூடிய விபத்து.

இன்னொன்றையும் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹோம் ரன் பட்டியலில் கப்ரேராவுக்கு அடுத்து நின்றவர்கள் ஜோஷ் ஹாமில்டனும் கர்ட்டிஸ் கிராண்டர்சனும், இருவருக்கும் 43. கிராண்டர்சன் கடைசி நாளன்று யாங்கீஸ் அணிக்காக இரண்டு ஹோம் ரன்கள் அடித்துத்தான் 43ஐத் தொட்டார். அன்று மாலை அவர் மேலும் இரண்டு அடித்திருந்தால் கப்ரேராவுக்கு மும்முடி இல்லை. அதனால் கப்ரேராவின் ஆட்டத்தில் ஒரு அணுவளவாவது குறைந்திருக்குமா? நியூயார்க்கில் யாரோ அடித்த பந்து வேலியைத் தாண்டியதா இல்லையா என்பதைப் பொறுத்து டெட்ராய்ட் வீரரின் மதிப்பு ஏறி இறங்குமானால், அது மதிப்பீடாக இருக்க முடியாது. மும்முடி சூடியவருக்கு எம்.வி.பி. தானாகவே வந்து சேர வேண்டும் என்பதும் மரபாக இருந்ததில்லை. டெட் வில்லியம்ஸ் 1942இலும் 1947இலும் மும்முடி சூடினார். இரண்டு முறையும் விருது யாங்கீஸ் வீரர்களுக்கே போனது, முதலில் ஜோ கோர்டனுக்கு, பிறகு ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜோ டிமாஜியோவுக்கு. அந்த இரண்டு முடிவுகளும் வில்லியம்ஸுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நினைக்கிறேன். ஆனாலும் மும்முடியைக் காட்டி விவாதத்தை மூடிவிட முடியாது என்பதற்கு அவை சான்று.

தம் அணியைப் பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனவர் கப்ரேரா, டிரவுட்டால் அது முடியவில்லை என்ற வாதத்தையும் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. டைகர்ஸ் வென்றது 88 ஆட்டங்கள். ஏஞ்சல்ஸ் வென்றது 89. குறைவாக வென்ற அணி பிரிவில் முதலிடம் பெற்றது. அதிகம் வென்ற அணி, ஓக்லண்டும் டெக்சாஸும் இருந்த கடுமையான பிரிவில் மூன்றாம் இடத்தில் நின்றது. பிரிவுகளின் எல்லைக்கோட்டைக் கிழித்தவர் டிரவுட் அல்லவே! விருது பெறுபவர் பிளே ஆஃபுக்குச் சென்ற அணியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை என்று வாக்குச்சீட்டு வெளிப்படையாகவே சொல்கிறது. இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எழும் ஒரு தவறான வாதத்தையும் மறுத்துவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸிடம் டைகர்ஸ் 4-0 என்று உலகத் தொடரை இழந்தபோது, கடைசி ஆளாக செர்ஜியோ ரோமோவின் பந்தை அடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானவர் கப்ரேரா. அந்த இரவின் வலி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் வாக்குகள் பிளே ஆஃப் தொடங்குவதற்கு முன்பே பதிவானவை; ஆகவே அதை அவருக்கு எதிராகச் சொல்வதும் முறையாகாது.

கட்டுரையில் என்னை மிகவும் வருத்தியது, டிரவுட்டை ஆதரித்தவர்கள் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் என்ற குற்றச்சாட்டு. ஜூன் 27ஆம் தேதி பால்டிமோரில் முதல் இன்னிங்ஸில் ஜே.ஜே. ஹார்டி அடித்த பந்து சென்டர் ஃபீல்டின் வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வேலியை நோக்கிப் பின்னால் ஓடிய டிரவுட், அதன் ஓரத்தில் எம்பி, தலையும் தோளும் வேலிக்கு மேலே தெரிய, கையுறையை அப்பால் நீட்டிப் பந்தை உள்ளே இழுத்துக்கொண்டார். பார்வையாளர்களின் கைக்குப் போகவிருந்த ரன் ஒன்று அவுட்டாக மாறியது. அந்தப் பருவத்தில் இப்படி நான்கு ஹோம் ரன்களை அவர் பறித்தார்; அவற்றுள் ஒன்று எங்கள் பிரின்ஸ் ஃபீல்டர் அடித்தது. இவற்றில் ஒன்றுகூட மும்முடியின் மூன்று எண்களில் இடம்பெறாது. ஒரு வீரர் எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரைவிட அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தருகிறார் என்று அளக்கும் 'வார்' என்ற கணக்கு, டிரவுட்டுக்கு ஏறத்தாழ 10, கப்ரேராவுக்கு ஏறத்தாழ 7 என்று சொன்னதற்குக் காரணம், கண்ணால் பார்த்த இந்தப் பிடிகளையும் ஓட்டங்களையும் அது சேர்த்துக்கொண்டதுதான். எண்ணுக்கும் கண்ணுக்கும் இதில் பகை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் 28 வாக்காளர்களில் 22 பேர் கப்ரேராவையும் 6 பேர் மட்டும் டிரவுட்டையும் முதலிடத்தில் எழுதினார்கள். புள்ளிகள் 362க்கு 281.

பழைய எண்களின் மீதான இந்தப் பிடிப்பு, சிறந்த பந்துவீச்சாளருக்கான அந்த ஆண்டின் சை யங் விருதிலும் தெரிந்தது. டாம்பா பே அணியின் டேவிட் பிரைஸ் 20 வெற்றி, 5 தோல்வி. டைகர்ஸின் ஜஸ்டின் வெர்லாண்டர் 17 வெற்றி, 8 தோல்வி. விட்டுக்கொடுத்த ரன் சராசரியில் 2.56க்கு 2.64 என்று மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் வெர்லாண்டர் 27 இன்னிங்ஸ்களுக்கு மேல் கூடுதலாக வீசி, 239 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, இரண்டிலும் லீகில் முதலிடம் பெற்றார். முடிவு 153க்கு 149 என்று பிரைஸ் பக்கம் சாய்ந்தது. முதலிடத்துக்கு 7 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 4 புள்ளி என்ற முறையில், ஒரே ஒரு வாக்காளர் இந்த இருவரின் வரிசையை மாற்றி எழுதியிருந்தால் விருது கைமாறியிருக்கும். பிரைஸ் தகுதியற்றவர் என்று சொல்ல மாட்டேன். 20 என்ற உருண்டை எண் சிலரைக் கவர்ந்தது என்றே நம்புகிறேன்.

நேஷனல் லீகில் இவ்வளவு சிக்கல் எழவில்லை. சுழலாமல் மெதுவாக வந்து தடுமாறித் திசைமாறும் நக்கிள் பந்தைப் பெரிதும் நம்பி, 37 வயதில் நியூயார்க் மெட்ஸுக்காக 20 ஆட்டங்களை வென்ற ஆர்.ஏ. டிக்கி, அவ்வகைப் பந்துவீச்சாளர்களில் சை யங் விருதைப் பெற்ற முதல்வரானார். 2011 மே மாத மோதலில் கால் முறிந்து மீண்டு வந்த ஜயன்ட்ஸ் கேட்ச்சர் (கிரிக்கெட் விக்கெட் கீப்பரைப் போன்றவர்) பஸ்டர் போஸி .336 சராசரியோடு எம்.வி.பி. ஆனார், அவரைவிட அதிகமாக .346 வைத்திருந்த சக வீரர் மெல்கி கப்ரேரா, ஊக்கமருந்துக்காக 50 ஆட்டத் தடை பெற்ற பின், சராசரிப் பட்டத்துக்குத் தம்மைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தாமே கேட்டு விலகினார். போஸிக்கு வாக்களித்தவர்கள் அவர் கேட்ச்சராக ஆற்றிய தடுப்புப் பணியையும் சேர்த்தே மதித்தார்கள். அதே மதிப்பை அமெரிக்கன் லீகின் சென்டர் ஃபீல்டருக்கும் தந்திருக்கலாம்.

2012இன் புதுமுக வீரர் விருது டிரவுட்டுக்கு ஒருமனதாகக் கிடைத்தது. 2013லும் எம்.வி.பி. கப்ரேராவுக்கே, டிரவுட் மீண்டும் இரண்டாமவர். 2014இல் எல்லா முதலிட வாக்குகளும் டிரவுட்டுக்கு வந்தன. 2016இல் ஏஞ்சல்ஸ் 74 வென்று 88 தோற்றது. பிளே ஆஃபின் அருகில்கூட வரவில்லை. இருந்தும் டிரவுட்டே எம்.வி.பி. அந்த நான்கு ஆண்டுகளில் வாக்காளர்கள் பார்க்கும் முறை மாறியிருந்தது.

இனி 2012 பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, கப்ரேராவின் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் இருவரின் ரன்கள், பேஸ் திருட்டுகள், ஒரே பந்தில் இருவர் அவுட்டான எண்ணிக்கை, பேஸை எட்டிய விகிதம் ஆகியவற்றையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளருக்கும் என் மறுப்பைத் தெரிவியுங்கள். அவர் பதில் எழுதினால் ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.