அம்மாவுக்கு மறுபடி ரத்தம் வராமல் காத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

அம்மா ரத்த வாந்தி எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. இதுவரை மறுபடி வரவில்லை. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு உணவுக்குழாயில் புடைத்திருக்கும் ரத்தக்குழாய் ஒருமுறை வெடித்தால், தொடர் சிகிச்சை இல்லாத பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஓரிரு ஆண்டுக்குள் திரும்பவும் ரத்தம் போகும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். இந்த ஒரு வருடத்தைப் பலர் சேர்ந்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாய் நிறைய நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி 108 ஆம்புலன்ஸில் வந்த தம்பிக்கு. அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ரத்தம் புரையேறிவிடாமல் வழியெல்லாம் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். அடுத்து, தகவல் கேட்டதும் வேன் பிடித்து ரத்தம் கொடுக்க வந்த ஊர்க்காரர்களுக்கு. வந்த எல்லோருடைய ரத்தத்தையும் ஏற்றிவிடுங்கள் என்று நாங்கள்தான் டியூட்டி டாக்டரிடம் கெஞ்சினோம். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவோம், அளவுக்கு மேல் ஏற்றினால் குழாயில் அழுத்தம் கூடி மறுபடி வெடிக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பார்சிலோனாவில் நடத்தி 2013-இல் வெளிவந்த ஆய்வில், அப்படி அளந்து ஏற்றியவர்களே அதிகம் பிழைத்தார்களாம். அந்த இரவில் எங்கள் பதற்றத்துக்கு வளைந்து கொடுக்காமல் நின்றதற்கு நன்றி, டாக்டர்.

மதுவின் வாசனைகூட அறியாதவர் அம்மா. சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் கொண்டுவந்த நோய் இது. பார்க்க வந்த உறவினர்கள் கிசுகிசுத்தபோது, வார்டிலேயே எல்லோர் காதிலும் விழும்படி அதை எடுத்துச் சொன்ன பயிற்சி மருத்துவப் பெண்ணை நான் மறக்கவே மாட்டேன்.

பெரிய டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. இனி என்ன செய்வது என்பதற்கு இருந்த வழிகளை ஒரு தாளில் படம் போட்டே எங்களுக்கு விளக்கினார். கல்லீரல் இறுகிப்போனதால் குடலிலிருந்து வரும் ரத்தம் உள்ளே போக முடியாமல், மடை அடைபட்ட வாய்க்கால் தண்ணீர் வரப்பில் ஏறுவதுபோல வேறு பாதை தேடுகிறது. எண்டோஸ்கோபி வழியாக ரப்பர் வளையம் போட்டால் இப்போது புடைத்திருக்கும் குழாய்கள் அடைபடும். ஆனால் உள்ளே அழுத்தம் அப்படியே இருப்பதால் புதிதாகப் புடைக்கலாம். ப்ரோப்ரனோலால் மாத்திரை அந்த அழுத்தத்தைக் குறைக்கும். ஒன்றை மட்டும் செய்வதைவிட இரண்டையும் சேர்த்துச் செய்தால் திரும்ப ரத்தம் வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், முதலில் அந்த வழி.

“டிப்ஸ்னு ஒண்ணு செய்றாங்களாமே, அதையே செய்துவிடக் கூடாதா?” என்று அண்ணன் கேட்டான். கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் போய், கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைத்து ரத்தத்துக்குக் குறுக்குப்பாதை போடுவது அது. ரத்தம் மறுபடி வராமல் தடுப்பதில் அதற்குத்தான் பலம் அதிகம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் கல்லீரல் வடிகட்ட வேண்டிய கழிவு நேராக மூளைக்குப் போய் நினைவு தடுமாறும் ஆபத்தும் அதில் கூடுதல். மிகவும் மோசமான நிலையில் வருகிற சிலருக்கு 72 மணி நேரத்துக்குள் செய்தால் உயிர் காக்கும், அம்மா அந்த நிலையில் இல்லை, மாத்திரையும் வளையமும் கைவிட்டால் அதற்குப் போகலாம் என்றார். எங்களையும் யோசிக்கவைத்து, எங்களோடு சேர்ந்து முடிவெடுத்தார்.

நர்ஸ் அக்கா, நீங்கள் என் விரல்களைப் பிடித்து அம்மாவின் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணச் சொன்னீர்கள். “அம்பத்தஞ்சுலேர்ந்து அறுபதுக்குள்ள இருக்கணும். குறைஞ்சாலோ, மேல் பிரஷர் தொண்ணூறுக்குக் கீழ போனாலோ உடனே எங்ககிட்ட கேளுங்க” என்றீர்கள். வளையம் கழன்று விழும் நாட்களில் அந்த இடத்தில் புண் இருக்கும், முறுக்கு, தட்டை பக்கமே போகக்கூடாது என்று சொல்லி, கஞ்சியையும் குழைந்த சாதத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்த தாள் இன்னும் எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது.

நாங்கள் பார்த்தே இராத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1981-இல் பிரான்சின் டிடியே லெப்ரெக் குழுவினர் 74 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ப்ரோப்ரனோலாலும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் மருந்து எடுத்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு மறுபடி ரத்தம் வரவில்லை. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது 50 சதவீதம்தான். 1983-இல் லண்டனில் வந்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால்தான் பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதித்து உறுதிசெய்தார்கள். 1992-இல் அமெரிக்காவின் கிரெக் ஸ்டீக்மன் குழுவினர், புடைத்த குழாயை அடைக்க அதுவரை போட்டுவந்த மருந்து ஊசியையும் ரப்பர் வளையத்தையும் 129 பேரிடம் ஒப்பிட்டார்கள். ஊசி போட்டவர்களில் 45 சதவீதம் பேரும் வளையம் போட்டவர்களில் 28 சதவீதம் பேரும் இறந்தார்கள்.

தனக்கு எது கிடைக்கும் என்று தெரியாமலே இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் அவர்கள். எங்கள் அம்மாவைப் போலவே ரத்த வாந்தி எடுத்துப் பயந்து போனவர்கள்தான். அவர்களுக்கும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட குடும்பங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்படிக்கு,
அம்மாவும் பிள்ளைகளும்