மீட்டிங்கில் முடிவெடுக்காதீர்கள்

பல நாட்டவர் சேர்ந்து உழைக்கும் மென்பொருள் குழுக்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். டிசைன் முடிவுகளை வீடியோ மீட்டிங்கில் இறுதி செய்யாதீர்கள். பேசுங்கள், விவாதியுங்கள், ஆனால் முடிவை எழுத்தில் வைத்து, அவகாசம் கொடுத்து எடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

மீட்டிங்கில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டேட்டாபேஸின் ஆர்டர் டேபிளில், தேடலை வேகமாக்க, புதிதாக ஓர் இண்டெக்ஸ் போட வேண்டும் என்று ஒருவர் மளமளவென்று ஆங்கிலத்தில் விளக்குகிறார். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" இரண்டு மூன்று விநாடி அமைதி. "சரி, அடுத்தது." அந்த விநாடிகளில் ஒருவர் மைக்கை ஆன் செய்யப் போயிருப்பார். போஸ்ட்கிரெஸ் என்ற அந்த டேட்டாபேஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் போட்டால், அது முடியும்வரை அந்த டேபிளில் எதையும் எழுத முடியாது, புது ஆர்டர்கள் நின்றுவிடும் என்பது அவருக்கு அத்துப்படி. தாய்மொழியில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில் வாக்கியத்தைக் கோப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டது. அதோடு, பெரியவர் சொன்னதை நாலு பேர் முன்னால் மறுப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவராகவும் அவர் இருக்கலாம். மௌனம் சம்மதம் என்பது இங்கே எடுபடாத கணக்கு.

எழுத்தில் வந்தால் அவர் நிதானமாகப் படிப்பார், மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு பதில் எழுதுவார், அனுப்புமுன் ஒருமுறை சரிபார்ப்பார். சரளமாகப் பேசுபவருக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி பெருமளவு குறைந்துவிடும்.

இது புதிய யோசனையும் அல்ல. இணையத் தர நெறிகளை வகுக்கும் ஐஇடிஎஃப், நேரடிக் கூட்டத்தில் புதிதாக எட்டிய முடிவுகளை மின்னஞ்சல் குழுவில் மறுபரிசீலனைக்கு வைக்க வேண்டும் என்று 1998-லேயே விதி எழுதியது. அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் வாக்கெடுப்பைப் பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைக்கிறார்கள், எந்த நேர மண்டலத்தில் இருப்பவரும் பார்த்துவிட முடியும் என்பதற்காக. ஆங்கிலம் பேசும் வேகத்துக்கும் நல்ல டிசைனுக்கும் சம்பந்தமில்லை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிரல் மொழிகளையே பாருங்கள்: லுவா 1993-இல் பிரேசிலில் பிறந்தது, ரூபி 1995-இல் ஜப்பானிலிருந்து வெளிவந்தது.

எழுத்து மட்டும் போதாது என்பதும் உண்மை. சக ஊழியர் எழுதிய நிரலைப் படித்துக் கருத்துச் சொல்லும் கோட் ரிவ்யூவில் "இதை வேறு மாதிரி செய்யலாமோ?" என்று எழுதுகிறீர்கள். ஒருவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதுகிறார். இன்னொருவர் வெறும் யோசனைதானே என்று விட்டுவிடுகிறார், பிறகு அவர் அலட்சியமானவர் என்று பெயர் வாங்குகிறார். இருவர் மேலும் தவறில்லை. எது கட்டாயம், எது பரிந்துரை, எது விருப்பம் என்பதற்குத் தனித்தனிச் சொல் வைத்து, 1997-இல் ஐஇடிஎஃப்பிலிருந்து ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணமே வந்தது. நீங்களும் ஒவ்வொரு கருத்தின் தொடக்கத்திலும் "கட்டாயம்" அல்லது "விருப்பம்" என்று போடுங்கள். ஒரு சொல்தான், ஆனால் எதிரில் இருப்பவரின் இரண்டு நாள் மிச்சமாகும்.

சர்வர் விழுந்து கிடக்கும்போது 72 மணி நேரம் காத்திருக்கச் சொல்லவில்லை. அப்போது பேசியே தீர்த்துவிடுங்கள். அப்புறம், என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்பதை அன்றைக்கே எழுதிப் போட்டு, அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரும் மறுத்துப் பேச இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
பல மொழிக்காரர்களோடு நிரல் எழுதும் ஒருவர்